புளி தேடினால் போளி வருகிறது: கடைக் கணக்குக்கு எஸ்கியூலைட் எப்படி?

கடலூர் முதுநகர் மீன் ஏலக் கணக்கு, பண்ருட்டி முந்திரிக் கிடங்கின் ஸ்டாக், புதுச்சேரி நேரு வீதி ஜவுளிக்கடை பில். மூன்றுக்கும் நிரலை எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம். கணக்கை எதில் சேமிப்பது என்பதில் சறுக்கினால் மட்டும் பிறகு பல ராத்திரி உட்கார வேண்டியிருக்கும். இந்த அளவு வேலைக்கு, கணக்கு முழுவதையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளும் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ்தான் சரியான கருவி. ஆனால் தமிழ் என்று வரும்போது அது பாதி வழியில் கையை விட்டுவிடும். எங்கே விடுகிறது, அங்கே நாம் எவ்வளவு உழைக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

விலை பூஜ்யம். உரிமமும் கிடையாது, பொதுச்சொத்து. தனியாக நிறுவ வேண்டியதும் இல்லை: பைத்தானில் 2006-ல் வந்த 2.5 பதிப்பிலிருந்தே உள்ளே இருக்கிறது, ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. ரிச்சர்ட் ஹிப் 2000-ல் இதை எழுதினார். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை பார்த்தபோது, டேட்டாபேஸ் சர்வர் படுத்துவிட்டால் நிரலும் கூடவே படுத்துவிடும் தொல்லை. சர்வரே இல்லாமல் வட்டில் இருக்கிற ஒரு கோப்பை நேராகப் படித்தால் என்ன என்று யோசித்ததன் விளைவு இது. மார்கழி மழையில் யுபிஎஸ் கதறிக்கொண்டிருக்கும் லாரன்ஸ் ரோடு கடைக்கும் அதே நியாயம் பொருந்தும். பில் போட ஒரு கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தால் போதும்.

உழைப்பு என்று பேசினால் முதலில் அவர்கள் உழைப்பைச் சொல்ல வேண்டும். எஸ்கியூலைட்டின் மூல நிரல் சுமார் 1.55 லட்சம் வரி. அதைச் சோதிக்க எழுதிய நிரல் சுமார் 9.2 கோடி வரி, அதாவது ஏறக்குறைய 590 மடங்கு. விமான மென்பொருளுக்குக் கேட்கிற அளவில் ஒவ்வொரு கிளையையும் சோதிக்கிறார்கள்; எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் செயற்கையாக நடத்திப் பார்க்கிறார்கள். 2004-ல் உருவாக்கிய கோப்பை இன்றைய பதிப்பு திறக்கிறது, 2050 வரை ஆதரவு தருவோம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். இதைத் தள்ளிவிட்டு சொந்தமாக ஒரு டெக்ஸ்ட் கோப்பில் கமா போட்டுக் கணக்கெழுதி, கோப்பு பாதியில் அறுந்தால் சரிசெய்ய இன்னொரு நிரலும் எழுதுகிறவரின் உழைப்பை மெச்ச முடியாது. ஊர்க்கிணறு பக்கத்திலிருக்க வீட்டுக்குள் ஊற்று தோண்டுகிற கதை.

கரண்ட் விஷயம் இந்தக் கரையோரத்தில் சும்மா சொல்வதல்ல. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே வந்தது. எஸ்கியூலைட் ஒரு பரிவர்த்தனையை, அதாவது சேர்ந்தே நடக்க வேண்டிய பதிவுகளின் தொகுப்பை, முழுதாக எழுதும், இல்லையென்றால் எழுதவே எழுதாது. பில்லில் ஏழு பொருளில் நாலு மட்டும் பதிவாகி ஸ்டாக் பாதி கழிந்து நிற்பது நடக்காது, ஏழையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைத்திருந்தால். இந்த ‘வைத்திருந்தால்’ நம் பொறுப்பு. பைத்தானில் கமிட் (பதிவை உறுதிசெய்யும் கட்டளை) போட மறந்து இணைப்பை மூடினால் அன்றைய பதிவு சத்தமில்லாமல் போய்விடும். பிழைச்செய்தி ஒன்றும் வராது.

அமைப்பில் மாற்ற வேண்டியவை சில. ஜர்னல் முறையை, மாற்றங்களை முதலில் பக்கத்தில் ஒரு தனிக் கோப்பில் எழுதும் ‘வால்’ என்கிற முறைக்கு மாற்றுங்கள். ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் படிக்கலாம். அந்த முறையில் பலர் வேகத்துக்காக சிங்க்ரனஸ் (எழுதியது வட்டில் சேரும்வரை எவ்வளவு கறாராகக் காத்திருப்பது) என்ற அமைப்பை நார்மலுக்கு இறக்குவார்கள். கோப்பு கெடாது என்பது உண்மை. ஆனால் கரண்ட் போன நொடிக்கு முந்தைய சில பில்கள் காணாமல் போகலாம். நம் ஊருக்கு ஃபுல் என்றே விட்டுவிடுவது நல்லது. வெளிச்சாவி சரிபார்ப்பு, அதாவது பில்லில் குறித்த வாடிக்கையாளர் உண்மையில் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்ப்பது, இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் திறக்க வேண்டும். ஒரு தடவை போட்டால் போதும் என்று நினைத்தவர்களின் டேட்டாபேஸில்தான் வாடிக்கையாளரே இல்லாத பில்கள் கிடக்கும்.

அட்டவணை உருவாக்கும்போது கடைசியில் ஸ்ட்ரிக்ட் என்ற சொல்லைச் சேருங்கள். 2021-ல் வந்த வசதி. அது இல்லாவிட்டால் எண் என்று அறிவித்த கட்டத்தில் ‘ஐநூறு’ என்று தமிழில் எழுதினாலும் எஸ்கியூலைட் சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளும். இதை ஒரு வசதி என்று அவர்கள் வாதிடுகிறார்கள். கடைக் கணக்கில் இது வசதியே இல்லை. பணத்தைப் பைசாவில் முழு எண்ணாகவும், எடையைக் கிராமிலும் வையுங்கள். 11.34 கிலோ முந்திரி டின் 11340 என்று உட்காரும். தசம எண்ணில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் சரியாக 0.3 வராது, ஆயிரம் வரி கூட்டிய பிறகு ஆடிட்டர் பைசாவைத் தேடுவார்.

தேதிக்கென்று தனி வகை இதில் கிடையாது. ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் எழுத்தாக வைத்தால் வரிசைப்படுத்தல் தானே சரியாக வரும். நாள்-மாதம்-ஆண்டு என்று வைத்தால் ஜனவரி 30-ம் டிசம்பர் 30-ம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இதைவிடப் பெரிய பள்ளம் நேரம். எஸ்கியூலைட் ‘இப்போது’ என்றால் கிரீன்விச் நேரம்தான் தரும், நம்மைவிட 5.30 மணி பின்னால். ஜவுளிக்கடைக்காரருக்கு இது தெரியவே தெரியாது, காலை பத்து மணிக்குத் திறப்பவர் அவர். முதுநகர் மீன் ஏலத்தில் அதிகாலை ஐந்து மணிக்குப் போட்ட பில்லோ முந்தைய நாள் தேதியில் விழும். ஏப்ரல் 1-ல் என்றால் போன நிதியாண்டிலேயே விழும். இயல்பு மதிப்பாக வைக்கிற நேரத்தை எப்போதும் உள்ளூர் நேரமாக மாற்றி எழுதுங்கள்.

பில் எண்ணுக்கு, தானே எண்ணைக் கூட்டித் தரும் ஆட்டோ இன்கிரிமென்ட்டை நம்ப வேண்டாம். எண் திரும்ப வராது என்று அது உறுதி தரும், இடைவெளி விழாது என்று தராது. ஜிஎஸ்டி விதி கேட்பது தொடர்ச்சியான எண், 16 எழுத்துக்கு மிகாமல். தனி அட்டவணையில் கடைசி எண்ணை வைத்து, பில் எழுதுகிற அதே பரிவர்த்தனையில் ஒன்று கூட்டுங்கள். ரத்தான பில்லை அழிக்காமல் ரத்து என்று குறியுங்கள்.

இந்த வட்டாரத்தில் எழுதும் நிரலுக்கென்றே ஒரு தனித் தலைவலி உண்டு: மாநில எல்லை. கடலூரிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டரில் புதுச்சேரி. அங்கே விற்றால் ஐஜிஎஸ்டி. புதுச்சேரிக்குள்ளேயே விற்றால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும். சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசம் என்பதால் யூடிஜிஎஸ்டி இங்கே வராது. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. 2020-ல் வந்த கணித்தெடுக்கும் கட்டம் என்ற வசதியில் அந்த இரண்டு இலக்கத்தைத் தானே பிரித்துக்கொள்ளும்படி அட்டவணையிலேயே எழுதிவிடலாம், விற்பனையாளர் கையால் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஜிஎஸ்டி எண் இல்லாதவருக்குப் பின்கோடை வைத்து மாநிலத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆசை வரும். வேண்டாம். 605001 புதுச்சேரி; ஆனால் 605101 ஆரோவில், 605104 கோட்டக்குப்பம், 605602 விழுப்புரம், மூன்றும் தமிழ்நாடு. மாகே 673-ல் கேரளத்தோடும், ஏனாம் 533-ல் ஆந்திரத்தோடும் கலந்திருக்கின்றன. மாநிலத்தை வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இனி தமிழ். இங்கேதான் உழைப்பு முழுக்க.

எஸ்கியூலைட் எழுத்தை எண்ணாது, யூனிகோடில் எழுத்துக்கும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் தனித்தனியாக உள்ள குறியெண்ணை எண்ணும். ‘கடலூர்’ நமக்கு நாலு எழுத்து, அதற்கு ஆறு. ‘புதுச்சேரி’ நமக்கு ஐந்து, அதற்குப் பத்து, வட்டில் 30 பைட். முதல் மூன்று எழுத்தை வெட்டித் தரச் சொன்னால் ‘புதுச்’ வராது, ‘புத’ என்று வரும். 58 மில்லிமீட்டர் பில் காகிதத்தில் வரிக்கு 32 எழுத்து என்று கணக்கு வைத்து நெடுவரிசை ஒட்டுகிறவர்களுக்கு இதனால்தான் விலைக் கட்டம் கோணிக்கொண்டு போகும். தமிழை வரிக்கு இத்தனை எழுத்து என்று அளக்கவே முடியாது. அகலத்தைப் புள்ளியில் அளந்து, படமாக வரைந்து பிரிண்டருக்கு அனுப்புங்கள். டேட்டாபேஸிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து, கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது உள்ளே இரண்டாக இருக்கும். ‘கோட்டக்குப்பம்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்போடு காலைச் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். யூனிகோடில் இரண்டும் சமம். எஸ்கியூலைட் பைட்டைத்தான் ஒப்பிடும், அதற்கு இரண்டும் வேறு ஊர். ஒரே ஊர் வாடிக்கையாளர்கள் அறிக்கையில் இரண்டு தலைப்பில் பிரிந்து நிற்பார்கள். பைத்தானில் யூனிகோட்டேட்டா தொகுப்பின் நார்மலைஸ் செயற்கூறில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும்) வடிவத்தைக் கொடுத்து, சேமிப்பதற்கு முன்பும் தேடுவதற்கு முன்பும் ஒரு தடவை கடத்தினால் இது தீரும். ஔகாரம் மட்டும் தீராது. அவசரத்தில் பலர் ஒற்றைக் கொம்பு போட்டு, மெய், பிறகு ‘ள’ எழுத்தையே தட்டிவிடுவார்கள். அது உண்மையிலேயே வேறு எழுத்து, எந்த நார்மலைஸும் தொடாது. மௌனிகா, சௌந்தர் போன்ற பெயர்களுக்கு ஒரு சிறிய திருத்தப் பட்டியலைக் கையால் பராமரிக்க வேண்டும். வேறு இடத்திலிருந்து ஒட்டிய பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத பூஜ்ய அகலக் குறிகளும் ஒளிந்திருக்கும். அவற்றையும் அதே இடத்தில் கழற்றி எறியுங்கள். பாமினி, வானவில் எழுத்துருக் காலத்துப் பட்டியல் என்றால் அது உள்ளே தமிழே அல்ல, ஆங்கில எழுத்துகள். முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

அகரவரிசை இன்னொரு கூத்து. யூனிகோட் அட்டவணையில் ‘ன’ ‘ந’வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, நம் வரிசையிலோ அது கடைசி மெய். அதனால் எஸ்கியூலைட் கனகாவைக் கமலாவுக்கு முன்னால் வைக்கும். புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் கலாவுக்குப் பிறகு கல்யாணி வரும். அகராதியில் கல்யாணிதான் முதல். ஐசியூ என்ற யூனிகோட் நிரல் நூலகத்தோடு சேர்த்துக் கட்டினால் தமிழ் வரிசை கிடைக்கும், ஆனால் அந்த நீட்சி இயல்பான கட்டமைப்பில் வருவதில்லை. விண்டோஸ் கடைக் கம்ப்யூட்டரில் அதைக் கட்டுவது ஒரு வாரத் தலைவலி. எளிய வழி, வரிசைச் சாவி என்று தனிக் கட்டம் வைப்பது. ஒவ்வொரு எழுத்துக்கும் நாலு இலக்கம். முதல் இரண்டு மெய்யின் எண்: க 01, ங 02 என்று தொடங்கி ன 18 வரை, பிறகு ஜ, ஷ, ஸ, ஹ. தனி உயிருக்கு 00. அடுத்த இரண்டு உயிரின் எண்: புள்ளிக்கு 00, அகரம் 01, ஔகாரம் 12. ‘கடலூர்’ இப்படி ஆகும்: க 0101, ட 0501, லூ 1306, ர் 1200. சேர்த்தால் 0101050113061200. இதை எழுத்தாகவே சேமித்து இண்டெக்ஸ் போடுங்கள். பைத்தானில் முப்பது வரிக்குள் முடிகிற செயற்கூறு, பெயரைச் சேமிக்கும்போது ஒரு தடவை ஓடினால் போதும். ஒப்பிடும் செயற்கூறைப் பைத்தானிலேயே எழுதி கொலேஷனாக (வரிசைப்படுத்தும் விதியாக) பதிவு செய்யவும் முடியும். ஆனால் பைத்தானுக்கு வெளியே வேறு கருவியில் அந்தக் கோப்பைத் திறந்து வரிசைப்படுத்தினால் அப்படி ஒரு கொலேஷன் இல்லை என்று மறுத்துவிடும். சாவிக் கட்டத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை.

தேடல்தான் தலைப்புக்குக் காரணம். எஃப்டிஎஸ்5 என்ற முழுவுரைத் தேடல் வசதி 2015 முதல் கூடவே வருகிறது, ஆங்கிலத்தில் பிரமாதம். அதன் இயல்பான சொல்பிரிப்பி எழுத்துகளையும் எண்களையும் மட்டும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோட் வகைப்பாட்டில் எழுத்தல்ல, ‘குறி’ வகை. எனவே அவை இருக்கும் இடத்தில் எல்லாம் சொல்லை அறுத்துவிடும். புளி என்று தட்டினால் அது பார்ப்பது ப, ள. போளியிலும் ப, ள. மளிகைக்கடையில் புளி தேடினால் போளியும் வந்து நிற்கும். பால் தேடினால் புலியும் போலியும். பிழைச்செய்தி வராததால் இது பல மாதம் கண்ணில் படாது. பொருள்பட்டியல் ஆயிரத்தைத் தாண்டிய பிறகுதான் கவுன்ட்டரில் இருப்பவர் முனக ஆரம்பிப்பார்.

மருந்து ஒரே வரி: அட்டவணை உருவாக்கும்போது சொல்பிரிப்பியின் கேட்டகரீஸ் என்ற தெரிவில் இயல்பாக உள்ள வகைகளோடு எம்என், எம்ஸி என்ற இரண்டு ‘குறி’ வகையையும் சேர்க்க வேண்டும். எம்என் மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். புள்ளியும் ஈகாரக் குறியும்தான் அதில் அடங்கும். மற்ற உயிர்க்குறிகள் எல்லாம் எம்ஸி. பாதி மருந்து போட்டால் மீன் சரியாகக் கிடைக்கும், நண்டு கிடைப்பதில் குழப்பம் தொடரும்.

இதன் பிறகும் வேற்றுமை உருபு நம்மை விடாது. ‘கடலூர்’ என்று முன்னொட்டுத் தேடல் போட்டால் ‘கடலூரில்’ கிடைக்காது, ஏனென்றால் அங்கே ரகரத்தின் மேல் புள்ளியில்லை, இகரக் குறி இருக்கிறது. கடைசிப் புள்ளியைக் கழற்றி ‘கடலூர*’ என்று தேடுங்கள். கடலூர், கடலூரில், கடலூருக்கு மூன்றும் வரும். புதுச்சேரி உயிரெழுத்து ஓசையில் முடிவதால் அப்படியே தேடினாலே புதுச்சேரியில் கிடைத்துவிடும். மரம், மரத்தில் என்று மாறுகிற சொற்களுக்கு இந்த வித்தை எடுபடாது. பொருள்பெயர்த் தேடலுக்கு மட்டும் என்றால் 2020-ல் வந்த, மும்மூன்று குறியெண்ணாக வெட்டும் ட்ரைகிராம் பிரிப்பி போதும், சொல்லின் நடுவிலும் தேடும், உயிர்க்குறி அறுபடும் தொல்லையும் இல்லை. குறைந்தது மூன்று குறியெண் வேண்டும் என்பதால் ‘பூ’ என்று மட்டும் தட்டினால் ஒன்றும் வராது. பூக்கடைக்காரர் மன்னிக்க வேண்டும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. வாடிக்கையாளர் பட்டியலில் மேலே கோடும் கீழே வாலும் வைத்த பிரெஞ்சுப் பெயர்கள் இருந்தால், எஃப்டிஎஸ்5 அந்தக் குறிகளை இயல்பாகவே கழற்றிவிட்டுத் தேடும். ‘லைக்’ என்ற சாதாரணத் தேடல் கட்டளை அந்த உதவியைச் செய்யாது. அதற்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் மறப்பதுகூட அடிப்படை ஆங்கில எழுத்துகளுக்கு மட்டும்தான்.

வேகம் பற்றிப் புகார் வந்தால் பத்துக்கு ஒன்பது தடவை குற்றம் கருவியில் இருக்காது. பழைய சுழல் வட்டில் ஒரு விநாடிக்கு அறுபது பரிவர்த்தனைதான் முடியும், வட்டு சுற்றுகிற வேகம் அதற்கு மேல் விடாது. 5,000 பொருளை ஒவ்வொன்றாகக் கமிட் செய்து ஏற்றினால் ஒன்றரை நிமிடம் ஆகும். எல்லாவற்றையும் ஒரே பரிவர்த்தனையில் அடைத்தால் கண் இமைக்கும் நேரம். ‘டேட்டாபேஸ் இஸ் லாக்டு’ என்ற செய்திக்கும் இதே மாதிரி காரணம்: பில் திறந்தவுடன் பரிவர்த்தனையைத் தொடங்கிவிட்டு, வாடிக்கையாளர் ஜிபே போட போனைத் தேடும் வரை பூட்டிப் பிடித்திருப்பது. பொருள்களை நினைவகத்தில் சேர்த்து, பணம் வந்த பிறகு ஒரே மூச்சில் எழுதுங்கள். காத்திருப்பு நேரம் ஐந்து விநாடி வைத்தால் இரண்டு கவுன்ட்டருக்குச் சிக்கலே வராது.

மூன்று கவுன்ட்டர் என்றால் கோப்பை நெட்வொர்க் ஷேர் ஃபோல்டரில் போட்டு எல்லோரும் திறப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். வால் முறை நெட்வொர்க் வழியாக வேலை செய்யாது; பழைய முறையிலும் ஷேர் ஃபோல்டரின் பூட்டை நம்ப முடியாது, கோப்பு கெடும். ஒரு கம்ப்யூட்டரில் பைத்தானின் ஃபிளாஸ்க் கருவியில் எழுதிய சிறிய வலை நிரலை ஓடவிட்டு, மற்றவர்கள் பிரவுசர் வழியாக அதனிடம் கேட்கட்டும். கோப்பைத் தொடுவது ஒரே இயந்திரம்.

பேக்கப்பையும் நிறையப் பேர் தவறாகவே செய்கிறார்கள். ராத்திரி கடை சாத்தும்போது பென் டிரைவில் டேட்டாபேஸ் கோப்பை மட்டும் இழுத்துப் போட்டால், பக்கத்தில் இருக்கும் வால் கோப்பில் நிற்கிற கடைசிப் பில்கள் வராது. ‘வேக்யூம் இன்டு’ என்ற கட்டளை, 2019 முதல் இருக்கிறது, ஓடிக்கொண்டிருக்கும்போதே முழுமையான ஒரே கோப்பாக நகல் எடுத்துத் தரும். எடுத்த நகலைத் திறந்து, கோப்பு கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையை ஓட்டி ‘ஓகே’ என்று வந்த பிறகுதான் பென் டிரைவைக் கழற்ற வேண்டும். ஒரே பென் டிரைவை விடாமல் மாதக்கணக்கில் மேலெழுதாமல், கிழமைக்கு ஒன்று என்று ஏழு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது இதை விட வேண்டும்? எழுதுகிறவர் ஒரே நேரத்தில் ஒருவர்தான் என்பது மாற்ற முடியாத வரம்பு. தட்டாஞ்சாவடியில் ஒரு தொழிற்கூடம், கடலூரில் ஒரு கிடங்கு, காரைக்காலில் ஒரு கிளை, மூன்றும் ஒரே ஸ்டாக்கைப் பகல் முழுக்கத் தொட வேண்டும் என்றால் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற சர்வர் டேட்டாபேஸுக்குப் போய்விடுங்கள். அங்கே தமிழ் அகரவரிசை ஐசியூ வழியாகக் கூடவே வருகிறது, சாவிக் கட்டம் தேவையில்லை. பதிலுக்கு ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. மாறும்போது ஸ்ட்ரிக்ட் போட்ட அட்டவணைகள் ஒரு மாலையில் போய்ச் சேரும். போடாதவற்றில் எந்தெந்த எண் கட்டத்தில் ‘ஐநூறு’ உட்கார்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரியும்.